எம்.ஏ.வுக்குப் பிறகு பத்தாம் வகுப்பு

“பிள்ளைய உட்கார வச்சாச்சுல்லா, வெளிய போங்கம்மா” என்று அந்த டீச்சர் சொன்னதில் தப்பில்லை. நாற்பத்தேழு வயதுக்காரி ஒருத்தி நனைந்த குடையோடு பரீட்சை அறைக்குள் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான்தான் பிள்ளை என்று சொல்லி ஹால் டிக்கெட்டை நீட்டினேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் ஓரத்து பெஞ்சைக் காட்டினாள். சின்னப் பெண். கழுத்தில் தாலி இன்னும் புது மஞ்சள் மாறவில்லை. அவளைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தென்காசியில் இது சாரல் காலம். குற்றாலத்துக்கு வந்த கூட்டம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஜ்ஜி தின்று அலைகிறது, நான் மட்டும் கையில் காம்பஸ் டப்பாவோடு வந்திருக்கிறேன். என்னோடு இந்த அறையில் இருப்பதெல்லாம் மார்ச் மாதம் கோட்டை விட்ட பிள்ளைகள். யூனிஃபார்ம் இல்லை, முகத்தில் பரீட்சைக் களையும் இல்லை. ஒருத்தன் கொட்டாவி விடுகிறான், அவனைப் பார்த்து எனக்கும் வருகிறது. பெஞ்சு பிள்ளைகளுக்குச் செய்தது, முட்டி இடிக்கிறது, காலை ஒருக்களித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. மற்ற பாடமெல்லாம் பாஸாகிவிட்டேன். கணக்கு ஒன்றுதான் பாக்கி. இது மூன்றாம் தடவை. மூன்றாம் தடவை என்று யாராவது சொன்னால் எனக்கே சிரிப்பு வரும், ஆனால் எழுதப் போவது நான்தான் என்னும்போது சிரிப்பது கஷ்டம். விடைத்தாளைக் கொடுத்துவிட்டார்கள். பெயர் எழுதச் சொல்லவில்லை, எண்தான். செண்பகவடிவு என்ற பெயருக்கு இங்கே வேலை இல்லை. நல்லவேளை, பெயர் தெரியாமல் ஃபெயிலாவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இந்த உட்காருவதில் ஒரு பேராசை உண்டு, வெளியே சொன்னால் கேட்பவர்களுக்கு விளங்காது. ஆபீஸில் எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு, ஆபீசர் அறை வாசலில். பெல் அடித்தால் எழுந்திருக்க வேண்டும். பெல் அடிக்காத நேரத்தில் யாராவது பெரியவர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். யாரும் வராத நேரத்தில், இப்போது யார் வருவாரோ என்று பாதி எழுந்த மாதிரியே இருக்க வேண்டும். அலுவலக உதவியாளர் என்றால் அதுதான். உள்ளே செக்‌ஷனில் அந்தோணியம்மாள் மேடம் ரிட்டயர் ஆகிப் போன நாற்காலி சும்மா கிடக்கிறது. பிரம்பு பின்னிய நாற்காலி, ஒரு கால் லேசாக ஆடும், முதுகில் அவர் போட்டிருந்த பூத்துண்டைக்கூட யாரும் எடுக்கவில்லை. காலையில் கூட்டிப் பெருக்கும்போது அதை நகர்த்துவேன், துடைப்பேன், ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் கிடைக்காமல் போய்விடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அந்த இடத்துக்கு ஆபீஸிலிருந்தே ஒருவரை ஏற்றலாம், சீனியாரிட்டிப்படி நான்தான், ஆனால் இளநிலை உதவியாளர் ஆக வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும். எங்கள் சூப்பரின்டென்ட் மைதீன் பிச்சை சார் ரொம்பப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: “வடிவும்மா, ப்ரமோஷன் பேனல் போகறதுக்குள்ள மார்க் சீட்டு வந்துரணும். இந்தத் தடவையும் இல்லன்னா அடுத்த ஆளு பேருதான் போகும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண ஏலாது.” கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்யப் போகிறேன். கோப்பில் குறிப்பு எழுதி, ஓரத்தில் இரண்டு எழுத்து இனிஷியல் போடுவேன். அவ்வளவுதான். இத்தனை வருடமாக மேசைக்கு மேசை கோப்பைச் சுமந்திருக்கிறேன், ஒரு கோப்பிலும் என் கை பட்ட அடையாளம் கிடையாது. டீ கொடுத்துவிட்டு வரும்போது தட்டில் சிந்திய டீயில் விரலால் செ.வ. என்று எழுதிப் பார்ப்பேன், காய்வதற்குள் துடைத்துவிடுவேன். அந்த இரண்டு எழுத்தை ஒரு காகிதத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கும் ஆசை, பிள்ளை வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்த ஆசைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

கேள்வித்தாள் வந்துவிட்டது. முதல் கொஞ்ச நேரம் படிக்க மட்டும்தான், எழுதக் கூடாது. படிக்கிறேன். படிப்பது நான் இல்லை, அவர். ‘பகுதி ஒன்று. குறிப்பு. அனைத்து வினாக்களுக்கும் விடையளிக்கவும்.’ குறிப்பைக்கூட விடமாட்டார். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர், எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அட்டையில் ஆரம்பித்து அச்சகத்தின் பெயர் வரை வாசிப்பார். நான் பீடி சுற்றிக்கொண்டிருப்பேன், மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியது அந்தச் சுளகுதான். எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பீடிக் கடையில் பேர் பதிந்த அட்டை இருந்தால் மாப்பிள்ளை சீக்கிரம் அமையும், எனக்கும் அப்படித்தான் அமைந்தார், ஆனால் வந்தவருக்கு என் அட்டையைவிட என் காது பிடித்துப் போயிற்று. ஒருநாள் பேப்பரில் ஏதோ செய்தியைச் சத்தமாக வாசித்தார், மறுநாள் நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்குகிற வேலையில் கண்ணும் கையும்தான் போகும், காது சும்மாதானே இருக்கிறது என்றார். அந்தச் சும்மா இருந்த காதில்தான் பி.ஏ. ஏறியது, எம்.ஏ. ஏறியது. வரலாறு. சேரனும் சோழனும் வெள்ளைக்காரனும் எல்லாரும் எனக்கு அவர் குரலில்தான் வந்து போனார்கள். ஜீப் ஓட்டுகிற மாதிரிதான் வாசிப்பார். கமா வந்தால் வேகம் குறையும், முற்றுப்புள்ளியில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ‘படம் ஏழைப் பார்க்க’ என்று இருந்தால் அதையும் வாசிப்பார், கை வேலையா இருக்கே நான் எங்க பார்க்க என்பேன், உடனே படத்தை விவரிக்க ஆரம்பித்துவிடுவார், குதிரை, குதிரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள், ஆளுக்கு மீசை. பிள்ளை இல்லாத வீடு என்று ஊர் சொல்லும், அந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் எவ்வளவு சத்தம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் குரல் வேண்டும் எனக்கு. ஒரே ஒரு பாராவாவது வேண்டும். எந்த மன்னனைப் பற்றியாக இருந்தாலும் சரி.

பத்தாம் வகுப்பை நாங்கள் தாண்டிக் குதித்ததற்கும் அவர்தான் காரணம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர் பாவம். அவர் பத்தாவது ஃபெயில், கணக்கில்தான். திரும்ப எழுதப் போய் திரும்பவும் ஃபெயில், பிறகு லைசென்ஸ் எடுத்துவிட்டார். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் நாய் துரத்தியவன் நாயைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும், பள்ளிக்கூடச் சான்றிதழ் தேவையில்லை, ஒரு நுழைவுப் பரீட்சை எழுதிவிட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “பத்தாவதும் வேண்டாம், பன்னெண்டும் வேண்டாம், மேல இருந்து ஏறிருவோம்ட்டி” என்றார். மேலே இருந்து எப்படி ஏறுவது, இறங்கத்தானே முடியும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது. எம்.ஏ. முடித்த அன்று ஆபீஸில் எல்லாருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தார், ‘எங்க வீட்ல எம்.ஏ.’ என்று கலெக்டர் ஆபீஸ் டிரைவர்கள் வரைக்கும் போய்ச் சொன்னார். பிறகு ஒரு மழை நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலேயே சாய்ந்துவிட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை என்றார்கள். அட்டைப் பையில் பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அப்போதிருந்த சூப்பரின்டென்ட் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்தாவது எங்கே, பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டார். அரசு உத்தரவு இருக்கிறதாம். பத்து, அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் பட்டம், இந்த வரிசையில் ஏறி வந்தால்தான் அரசு வேலைக்கு அது பட்டம். வரிசை மாறி வந்தால் படிப்பு படிப்புதான், ஆனால் வேலைக்கு ஆகாது. இத்தனை வருடப் படிப்பு ஒரு பத்தாம் வகுப்புக்கு இணையில்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதற்கு என்ன உண்டோ அதைக் கொடுத்தார்கள், ஸ்டூலும் பெல்லும். அவருக்கு இது தெரியாமலே போய்விட்டது. நல்லதுதான் என்று ஒரு நாள் தோன்றும், இன்னொரு நாள், இருந்து தெரிந்துகொண்டு என்னிடம் திட்டு வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். திட்டுவதற்காகவாவது இருந்திருக்கலாம்.

எழுதலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். ஒரு மார்க் கேள்விகள். சிலது தெரியும், சிலது தெரிந்த மாதிரி இருக்கிறது, சிலவற்றுக்கு நான்கு விடையுமே நல்ல விடையாகத் தெரிகிறது. இங்கேதான் எனக்கு வருகிற வியாதி. கேள்வியை அவர் குரல் வாசிக்கிறது, நன்றாகத்தான் வாசிக்கிறது, ‘ஒரு கூட்டுத் தொடர் வரிசையின் முதல் உறுப்பு’ என்று ராகமாகப் போகிறது, எண்கள் வந்ததும் குரல் தடுமாறுகிறது, எக்ஸ் வந்ததும் நின்றுவிடுகிறது. அப்புறம் மெல்ல, ‘இது வேண்டாம் வடிவு, அடுத்தது போவோம்.’ அடுத்தது போனால் அதிலும் எக்ஸ். அதுவும் வேண்டாம். இப்படி வேண்டாம் வேண்டாம் என்றே போன இரண்டு தடவையும் கடைசிப் பக்கம் வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே வந்து பார்த்தால் தாளில் பாதி வெள்ளை. கணக்கு காதில் ஏறுகிற சரக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது சூத்திரங்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், போனில் என் குரலிலேயே பதிந்து கேட்டுப் பார்த்தேன், கேட்கக் கேட்கத் தூக்கம்தான் வந்தது. தேற்றம் மட்டும் ஏறும், அது கதை மாதிரி, ‘கொடுக்கப்பட்டது’ என்று ஆரம்பித்து ‘நிரூபிக்கப்பட்டது’ என்று சுபமாக முடியும். அதைத் தேடிப் பிடித்தேன், இருக்கிறது, இணைகோடு வரைகிற தேற்றம். படத்தைப் போட்டு ஒரு மூச்சில் எழுதிவிட்டேன். எழுதும்போது உதடு அசைந்திருக்கிறது போலிருக்கிறது, டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்து, “வாய்விட்டுச் சொல்லாதீங்கம்மா, மத்த பிள்ளைங்களுக்குக் கேக்கும்” என்றாள். வாயை மூடிக்கொண்டேன். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுக்கும் கணக்குதானே பாக்கி. வாயை மூடியதும் உள்ளே இன்னும் சத்தமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது, அதை டீச்சர் என்ன செய்ய முடியும்.

வட்டம் வரைய வேண்டும். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்தைத் தொடுகிற மாதிரி இரண்டு கோடு. இதை வீட்டில் போட்டுப் போட்டுக் கை பழகியிருக்கிறது, முழு மார்க்கையும் நம்பித்தான் வந்திருக்கிறேன். காம்பஸில் திருகு லூசு. நேற்றே தெரியும், பஜாரில் புதுசு வாங்க வேண்டும் என்று நினைத்து, ஆபீசருக்கு மாத்திரை வாங்கப் போன அவசரத்தில் மறந்தது. முக்கால் வட்டம் போன பிறகு பென்சில் சரிந்து, ஆரம்பித்த இடத்துக்கு வராமல் உள்ளே போய் நிற்கிறது. அழித்தேன். மறுபடியும் சரிந்தது. மறுபடியும் அழித்தேன், சாரல் ஜன்னல் வழியாக அடித்து அடித்துத் தாள் ஏற்கெனவே நமுத்துப் போயிருந்தது, ரப்பர் பட்டு அந்த இடம் கிழிந்துவிட்டது. மணி அடிக்கிறது. எத்தனாவது மணி என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிழிந்த வட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இதுவரை எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன், இருபதைத் தாண்டும், முப்பதைத் தொடாது. முப்பத்தைந்து வேண்டும். போதும் எழுந்து போய்விடலாம் என்று இருக்கிறது. எழுந்து போனால் என்ன. ஸ்டூல் இருக்கிறது, பெல் இருக்கிறது, ரிட்டயர் ஆகிற வரை யாரும் என்னை எழுப்பிவிட மாட்டார்கள், எழுப்பத்தான் செய்வார்கள், ஆனால் வேலையிலிருந்து அனுப்பமாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன். பத்தாவதுக்கு விண்ணப்பம் போடப் போனபோது சேவை மையத்தில் இருந்த பையன், கடைசியா என்ன படிச்சீங்க என்று கேட்டான், எம்.ஏ. என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, அம்மா விளையாடாதீங்க என்றான். எட்டு என்று போட்டால்தான் அடுத்த பக்கம் போகும் என்றான். எட்டு என்றேன். சொன்ன உடனே, ஒரு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்த மாதிரி இருந்தது, உள்ளே அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதில் பாஸாகிவிட்டால் எழுத்துப்பூர்வமாக நான் பத்தாம் வகுப்பு. அவர் வாசித்த வருடமெல்லாம் எந்தக் கணக்கில் வரும். ஃபெயிலானால் குறைந்தபட்சம் எட்டாம் வகுப்பும் எம்.ஏ.வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நடுவில் யாரும் வரமாட்டார்கள். இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்று தெரியும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். எனக்கு அவர் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று இந்தச் சின்ன பெஞ்சில் முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், ரப்பர் தூள் மடியெல்லாம் கிடக்கிறது.

“கிராஃப் ஷீட் யாருக்கு வேணும்” என்றாள் டீச்சர். கையைத் தூக்கினேன். பச்சைக் கட்டம் போட்ட தாள். கேள்வியைப் பார்த்தேன். ஒரு குளத்துத் தண்ணீரை இறைக்க மோட்டார்கள் வைக்கிறார்கள், இரண்டு வைத்தால் இருபத்து நாலு மணி நேரம், மூன்று வைத்தால் பதினாறு, நாலு வைத்தால் பன்னிரண்டு, ஆறு வைத்தால் எட்டு, எட்டு வைத்தால் ஆறு. வரைபடம் வரைந்து, பன்னிரண்டு மோட்டார் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று கூடக்கூட மற்றது குறைகிறது. அப்படியானால் பெருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் இருபத்து நாலும் நாற்பத்தெட்டு. மூன்றும் பதினாறும் நாற்பத்தெட்டு. நாலும் பன்னிரண்டும், அதுவும் நாற்பத்தெட்டு. அட. ஆறெட்டு நாற்பத்தெட்டு. எட்டாறு நாற்பத்தெட்டு. எல்லாம் ஒன்றேதான், எதிர் மாறல், மாறிலி நாற்பத்தெட்டு. எழுதினேன். படுத்த கோடு போட்டேன், நின்ற கோடு போட்டேன். படுத்த கோட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மோட்டார், நின்ற கோட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மணி நேரம், இல்லையென்றால் தாள் போதாது. ஓரத்தில் அளவுத் திட்டம் எழுதினேன், அதற்கு மார்க் உண்டு. இரண்டுக்கு நேரே மேலே போய் இருபத்து நாலில் ஒரு புள்ளி. மூன்றுக்கு நேரே பதினாறு. பென்சிலைக் கூர் பார்த்தேன், மழுங்கியிருந்தது, பிளேடால் சீவினேன். நாலு, பன்னிரண்டு. ஆறு, எட்டு. எட்டு, ஆறு. புள்ளிகளைப் பார்த்தால் நேர்கோடு இல்லை, ஸ்கேலை எடுக்கக் கூடாது, கையால்தான் இழுக்க வேண்டும். முழங்கையைத் தூக்கிக்கொண்டு, முதல் புள்ளியில் பென்சிலை வைத்து, அடுத்த புள்ளியைப் பார்த்தபடியே இழுத்தேன். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் கை போகிறது. செங்குத்தாக இறங்கி, மெல்லத் திரும்பி, பிறகு படுக்கிறது. எட்டைத் தாண்டியும் அதே போக்கில் இழுத்துக்கொண்டே போனேன், பன்னிரண்டு வரைக்கும். பன்னிரண்டிலிருந்து நேரே மேலே ஒரு புள்ளிக்கோடு, வளைவில் போய் முட்டியது. முட்டிய இடத்திலிருந்து இடது பக்கம் ஒரு புள்ளிக்கோடு. இரண்டாவது சென்டிமீட்டர். நாலு மணி நேரம். பெருக்கிப் பார்த்தேன், பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு. சரி. சரிதான். விடையைக் கட்டம் போட்டுக் காட்டினேன். வளைவில் ஒரு பிசிறு இல்லை.

தலையைத் தூக்கினேன். சாரல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. எட்டு மார்க். தவறே இல்லை, எட்டும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முன்னால் கூட்டியதோடு கூட்டினேன், பயத்தில் இரண்டாம் தடவையும் கூட்டினேன், முப்பத்தைந்தைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டுகிறது. திருத்துகிறவர் தேற்றத்தில் கஞ்சத்தனம் பண்ணினால்கூடத் தாண்டும். நாற்காலியை நினைத்தேன், துடைக்காமல் உட்காருவேன் என்று நினைத்தேன், இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று எப்போதும் போல மனசு ஓடியது, ஓடிய வேகத்தில் ஏதோ இடறியது. அந்தக் கேள்வியை யார் வாசித்தது? நான்தான் வாசித்தேன். கண்ணால். மோட்டார் என்று வாசித்தேன், ஆறெட்டு நாற்பத்தெட்டு என்று போட்டேன், பென்சில் சீவினேன், கோடு இழுத்தேன், அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட அவர் ஞாபகம் வரவில்லை. மோட்டார் என்ற வார்த்தைக்குக்கூட வரவில்லை. அவர் போன பிறகு டீ ஆற்றும்போதும் கோப்பு சுமக்கும்போதும் தூக்கத்திலும் அவர் இல்லாத ஒரு நேரம் எனக்கு இருந்ததில்லை, இப்போது இருந்திருக்கிறது, அதில் நான் நன்றாக இருந்திருக்கிறேன். வேண்டாம் வடிவு அடுத்தது போவோம் என்று சொல்ல யாரும் இல்லாததால்தான் இந்தக் கணக்கு வந்தது. தேடிப் பார்த்தேன். பகுதி ஒன்று, குறிப்பு, என்று மனசுக்குள் ஆரம்பித்துப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. ஜீப்பில் சாய்ந்த அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை, அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், அழ வேண்டிய வேலை இருந்தது.

கடைசி மணி. “எல்லாத் தாளையும் சேர்த்துக் கட்டுங்க. கட்டாம விட்டா எங்கயாவது போயிரும், அப்புறம் மார்க் இல்லன்னு சொல்லக் கூடாது” என்று டீச்சர் வெள்ளை நூலை ஒவ்வொரு பெஞ்சிலும் போட்டுக்கொண்டு வருகிறாள். பச்சைத் தாள் கையில் இருக்கிறது. மடியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது, குடைக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது, நான் பழையபடி எட்டாம் வகுப்பும் எம்.ஏ.வுமாக வீட்டுக்குப் போகலாம், கதவைத் திறந்தால் ஒருவேளை வாசித்துக்கொண்டிருப்பார். என் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். “கட்டலையாம்மா?” என்றாள். இருங்க என்று கையைக் காட்டினேன். பச்சைத் தாளை விடைத்தாளுக்குள் வைத்து, ஓட்டையில் நூலைக் கோத்து, அவிழாதபடி இரண்டு முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.